ராத்தாவுக்குச் சொன்ன பதில்

"இரண்டும் கிட்டத்தட்டச் சமன்தான், பஸ்மியா" என்றார் டொக்டர் மதிவதனா. "உங்கட கட்டத்தில ஒப்பரேசன் செய்தாலும் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், பிடிச்சாலும் சுகமாகிற வாய்ப்பில பெரிய வித்தியாசமில்லை. அதாலதான் உங்களையும் கேட்டு முடிவெடுக்கப் பாக்கிறன்."

பஸ்மியா தலையை ஆட்டினாள். திருகோணமலை நகரத்துக் கிளினிக்கின் அந்தச் சின்ன அறையில், பக்கத்துக் கதிரையில் கணவன் நஸ்ரி இருந்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால், கதவோரமாக, இன்னொருவரும் நின்று டொக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல் அவளுக்குப் பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா பரீதா, மௌத்தாகி அடக்கம் செய்து ஆறு வருடமாகிறது. ராத்தாவுக்கு வந்ததும் இதே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்தான்.

டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறினார்.

"ஒப்பரேசன் எண்டால் கருப்பையோட சேத்து அதைச் சுத்தியிருக்கிற சதை, இடுப்புக்குள்ள இருக்கிற நிணநீர் முடிச்சுகள் எல்லாம் எடுக்கிறது. பெரிய வெட்டுத்தான். உங்களுக்கு நாற்பத்து மூண்டு வயசு. சூலகத்தை விட்டுவைக்கலாம், உடம்பு ஒரேயடியா மூப்புக்குப் போகாது. ஆனால் சலப்பைக்கு, மூத்திரப்பைக்குப் போற நரம்புகள் அலுங்கும். கொஞ்சக் காலத்துக்குச் சலம் முட்டினாலும் தெரியாது. சிலருக்குக் கால் வீங்கிறதும் இருக்கு."

"கரண்ட் எண்டா?" என்று நஸ்ரி கேட்டான்.

"வெட்டில்லை. ஐஞ்சாறு கிழமைக்கு, சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் பிடிக்கிறது. பிறகு உள்ளுக்கு வைச்சும் சில தரம். சூலகம் அதோட நிண்டுபோகும். வயித்தோட்டம், சலக்கடுப்பு, உள்வழி இறுகிறது. சிலது வருசக்கணக்கு கழிச்சும் தலைகாட்டும்." பேனையைக் கீழே வைத்தார். "ஒண்டு சொல்ல வேணும். வெட்டி எடுத்த முடிச்சில நோய் இருந்தால் பிறகு கரண்டும் பிடிக்கத்தான் வேணும். அப்ப இரண்டின்ர கஷ்டமும் சேரும். ஆனா உங்கட கட்டி சின்னன். ஸ்கானிலயும் முடிச்சுகள் நல்லாத்தான் தெரியுது. நான் ஒப்பரேசன் பக்கம்தான் சாயிறன்."

"கரண்டே பிடிப்பம் டொக்டர்" என்றாள் பஸ்மியா.

இவ்வளவு விரைவாகப் பதில் வரும் என்று டொக்டர் எதிர்பார்க்கவில்லை. நஸ்ரி திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான்.

"ஏன் எண்டு கேக்கலாமா?"

ராத்தாவுக்கும் இதுதான் வந்தது என்று மட்டும் சொன்னாள். டொக்டர் படம் கீறிய கடதாசியை அவளிடம் நீட்டி, "அவவின்ர ஆஸ்பத்திரிக் கடதாசிகள் வீட்டில இருந்தால் அடுத்த கிழமை வரேக்க கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்" என்றார்.

கிண்ணியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் இருக்க இடம் கிடைத்தது. சீனக்குடா தாண்டும்போது நஸ்ரி பொறுக்கமுடியாமல் கேட்டான்.

"என்ன கதை கதைச்ச நீ? அன்ஸார் மச்சான் வெட்ட விடாததாலதானே ராத்தா மௌத்தானவ? அது தெரிஞ்சும் நீ கரண்ட் வேணும் எண்டு கேக்கிறியே."

பஸ்மியா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. ராத்தாவின் புருஷன் அன்ஸார் மச்சான் வெட்ட விடவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னது. அவள் மட்டும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

கிண்ணியா பஜாரில் உள்ள ஒரு பாமசியில், மருந்துக் கடையில், பஸ்மியா பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். குடும்பத்தில் யாருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவளிடம்தான் கேட்பார்கள். ராத்தாவும் அப்படித்தான். நோய் என்று தெரிந்து கண்டியில் வார்ட்டில் சேர்த்திருந்தபோது ராத்தா அங்கிருந்து போன் எடுத்தாள். காலை பத்து மணி இருக்கும். கடையில் சனம் நின்றது.

"தங்கச்சி, என்னைத் தியேட்டருக்குக் கொண்டு போகப் போறாங்களாம். வெட்டப் போறாங்க போல. நர்ஸ் மிஸிமாரெல்லாம் சிங்களம்தான் கதைக்கிறாங்க, ஒண்டும் வெளங்குதில்ல. நான் என்ன சொல்ல?"

அந்த மாதம்தான் தோப்பூரில் ஒரு பெண் ஒப்பரேசனுக்குப் பிறகு இறந்துபோனதாகக் கடையில் கதைத்தார்கள். கத்தி பட்டதும் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்றுகூடப் பஸ்மியாவுக்குத் தெரியாது.

"வேணாம் ராத்தா. வெட்டினாப் பரவும். கரண்ட் பிடிக்கச் சொல்லுங்க."

"ஓம், நீ சொன்னாச் சரிதான்" என்று ராத்தா போனை வைத்தாள்.

அன்று பின்னேரம் மறுபடி போன் எடுத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியதாகவும், மிஸி சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி, என்று தலையைத் தடவிவிட்டு ஊசி போட்டதாகவும், கண்விழித்துப் பார்த்தபோது வயிற்றில் ஒரு வெட்டும் இல்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். பிறகு கரண்ட் பிடித்தார்கள். ஆறு கிழமை. அதன் பிறகு ஒன்றரை வருடம்தான் உயிரோடு இருந்தாள். கடைசி மாதங்களில் அவளுடைய அறைக்குள் போக வந்தவர்கள் கதவடியில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் போனார்கள்.

மௌத்தான மூன்றாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்து பெண்கள் கூடியிருந்தபோது, யாரோ ஒரு சொந்தக்காரி, "ஆரம்பத்திலேயே வெட்டியிருந்தாப் பொழச்சிருப்பா. ஆம்பிளதான் விடல்ல போல" என்றாள். பரீதாவின் ஒரே மகள் சப்ரினாவுக்கு அப்போது பதினேழு வயது. "வாப்பாவா வேணாம் எண்டவர், சாச்சி?" என்று அவள் பஸ்மியாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பஸ்மியா வாய் திறக்கவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பேசாமல் இருந்ததையே ஓம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற அன்ஸார் அதைக் கேட்டார். பஸ்மியாவை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் அவர் நிலாவெளிக்குப் போய்க் கரைவலைத் தொழிலில் சேர்ந்துகொண்டார். சப்ரினா சாச்சி வீட்டில் வளர்ந்தாள். வாப்பாவின் போனை அவள் எடுப்பதில்லை.

ராத்தாவின் குரல் முன்பும் இடைக்கிடை வரும். பஸ்மியாவுக்கு நோய் என்று சொன்ன நாளிலிருந்து அது ஒவ்வொரு நாளும் வந்தது. கடையில் குளிசைப் பெட்டிக்குக் கையை நீட்டும்போது, குசினியில் மீன் கழுவும்போது, ழுஹர் தொழுதுவிட்டு ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பும்போது, காதோடு ஒட்டிக் கேட்டது. "வெட்டப் போறாங்க போல தங்கச்சி. நான் என்ன சொல்ல?" அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பாள். பதிலுக்குக் காத்திருக்கும் அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க ஏலாமல் இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் கடையில் மருந்துச் சிட்டையோடு நின்ற ஒரு கிழவரிடம், "வேணாம், வெட்ட வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய்ச் சிட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ராத்தாவுக்கு மறுத்த ஒப்பரேசனை நான் எடுத்துக்கொள்வதா? அவள் பட்டதை நானும் பட்டுத் தீர்க்க வேண்டும். கரண்ட் கேட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அடுத்த கிழமை அவள் தனியாகவே கிளினிக்குக்குப் போனாள். அலுமாரியில் கிடந்த ராத்தாவின் கடதாசி உறையை மேசையில் வைத்தாள். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே பஸ்மியா அந்தப் போன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஆறு வருடத்தில் முதல்தடவை. அழாமல் சொன்னாள். அன்ஸார் மச்சானின் தலையில் பழி விழ விட்டதையும் சொன்னாள்.

டொக்டர் மதிவதனா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது அண்டைக்குத் தியேட்டரில எழுதினது. என்ன எழுதியிருக்கு எண்டு தெரியுமா?"

"இங்கிலீசு, டொக்டர். மருந்துப் பேர் தவிர எனக்கு வாசிக்க வராது."

"மயக்கம் குடுத்து உள்ளுக்குப் பாத்திருக்கினம், நோய் எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு. அவ்வளவுதான். வெட்டுறதுக்குக் கொண்டு போகயில்லை, பஸ்மியா. வெட்டுற நோக்கமே டொக்டர்மாருக்கு இருக்கயில்லை."

பஸ்மியாவுக்கு விளங்கவில்லை. டொக்டர் மறுபடி மெதுவாகச் சொன்னார்.

"உங்கட ராத்தாவுக்கு நோய் கருப்பையை விட்டு வெளியில வந்து இடுப்பெலும்புப் பக்கச் சுவர் வரைக்கும் பிடிச்சிட்டுது. அந்தக் கட்டத்தில வெட்டினால் முழுக்க எடுக்க ஏலாது. கரண்டும் அதோட சேர்ந்த மருந்தும்தான் வழி. நீங்கள் வெட்டச் சொல்லியிருந்தாலும் வெட்டியிருக்க மாட்டினம். உங்கட சொல்லால எதுவும் மாறயில்லை. உங்களுக்கு வேற கட்டம், அவவுக்கு வேற கட்டம். அதாலதான் உங்களுக்குத் தெரிவு இருக்கு, அவவுக்கு இருக்கயில்லை."

பஸ்மியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம். இல்லாத ஒரு ஒப்பரேசனுக்காக ஆறு வருடம். அப்போதுதான் அவள் கண் அந்தத் தாளுக்கடியில் கிடந்த இன்னொன்றில் விழுந்தது. அதில் ஒரு எண் மட்டும் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது. பதினான்கு.

"இது என்ன டொக்டர், பதினாலு?"

"அவவுக்கு இரத்தம் போகத் தொடங்கி எத்தனை மாசம் எண்டு கேட்டு எழுதினது" என்றார் டொக்டர்.

கண்டிக்குப் போவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ராத்தா பாமசிக்கு வந்தாள். சனம் குறையும்வரை நின்றுவிட்டு, கவுண்டருக்கு மேலால் குனிந்து, மாதவிலக்கு இல்லாத நாளிலும் இரத்தம் படுவதாக இரகசியமாகச் சொன்னாள். "வயசு மாறுற நேரம் அப்பிடித்தான் ராத்தா, ஆரிட்டயும் சொல்லித் திரியாதீங்க" என்று பஸ்மியா இரத்தம் நிற்கும் குளிசையில் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பிறகும் கொடுத்தாள். ராத்தா கேட்டு வந்த ஒவ்வொரு தடவையும் கொடுத்தாள்.

தனக்கு இரத்தம் கண்டபோது அவள் மூன்று நாள்தான் பொறுத்தாள். நாலாம் நாள் கிளினிக்கில் நின்றாள்.

ராத்தாவுக்கு மறுத்த ஒப்பரேசன் என்று ஒன்று இருக்கவே இல்லை; கரண்ட் கேட்க இனிக் காரணமில்லை. கதிரையை விட்டு எழும்பும்போது, "ஒப்பரேசனே செய்வம் டொக்டர்" என்றாள். டொக்டர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே மூன்று கிழமையில் திகதி கிடைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ராத்தாவின் குரல் வரவில்லை. கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது வந்தது. கேள்வி மாறியிருந்தது. "ரத்தம் படுது தங்கச்சி. இது என்னத்துக்கு?"

வார்ட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முந்தி, பஸ்மியா சப்ரினாவைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போனாள். நோயாளி கேட்கிறாளே என்று சப்ரினாவும் வந்தாள். எங்கே போகிறார்கள் என்று தெரிந்ததும் முகம் இறுகிப்போனது.

வலை இழுத்து முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அன்ஸார் வாடிக் குடிசைக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட பெட்டியில் இருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. மகளைக் கண்டதும் எழும்பி, கட்டியிருந்த சறத்தில் கையைத் துடைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி துடைத்தார்.

"இரிங்க" என்றார். இருப்பதற்கு வேறு எதுவும் அங்கே இல்லை.

பஸ்மியா நின்றபடியே சொன்னாள். போன் வந்ததை, தான் சொன்ன பதிலை, டொக்டர் காட்டிய தாளை. "உன்ட உம்மாவை வாப்பா தடுக்கல்ல, சப்ரினா. வேணாம் எண்டு சொன்னது நான். நீ கேட்ட நேரம் நான் வாய் திறக்கல்ல."

அன்ஸார் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

பஸ்மியா திடுக்கிட்டாள். "தெரியுமா மச்சான்?"

"பரீதா சொன்னவ. கடைசி நேரத்தில. தங்கச்சி சொல்லித்தான் வேணாம் எண்டனான், அவள்ட பேரை ஒருத்தரிட்டயும் எடுக்காதீங்க, தாங்கமாட்டாள் எண்டு." அவர் கவிழ்ந்த பெட்டியில் மறுபடி போய் இருந்தார். "ஆனா வெட்டுற கதையே இருக்கல்ல எண்டு இப்பதான் தெரியும். நானும் நினைச்சனான், வெட்டியிருந்தா இருந்திருப்பா எண்டு. ஒவ்வொரு நாளும் நினைச்சனான்."

"வாப்பா" என்று சப்ரினா கூப்பிட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவளுக்குச் சரியாக வரவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ராத்தாவே பெயரை மறைக்கச் சொன்னவள். ஆனால் பஸ்மியாவின் காதுக்குள் அந்தப் புதிய கேள்வி பொறுமையாக நின்றது.

"இன்னும் இரிக்கு" என்றாள். பதினான்கு மாதத்தைச் சொன்னாள். குளிசைகளைச் சொன்னாள். "அப்பவே டொக்டரிட்ட காட்டியிருந்தா, என்னைப் போல அவவுக்கும் ரெண்டு வழி இருந்திருக்கும். அதை நான்தான் இல்லாமச் செஞ்சனான்."

சப்ரினா வாப்பாவின் பக்கம் போய் நின்று, "நீங்க வீட்ட போங்க சாச்சி. நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன்" என்றாள். பஸ்மியாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அன்ஸார் பஸ்மியாவோடு பஸ் வரும் இடம்வரை நடந்து வந்தார். பஸ் வந்தபோது, "ஒப்பரேசன் எண்டைக்கு?" என்று கேட்டார்.

மட்டக்களப்பில் ஒப்பரேசன் நாலரை மணித்தியாலம் நடந்தது. தியேட்டருக்குள் கொண்டு போகும்போது பஸ்மியா உருளும் கட்டிலில் படுத்தபடி மேலே கடந்துபோகும் லைட்டுகளைப் பார்த்தாள். இப்படிக் கொண்டுபோன நேரம் ராத்தா யாருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினாள் என்று நினைத்தாள். மயக்க மருந்து ஏறும்போது அவளுடைய கையை யாரோ பிடித்தார்கள். மிஸியாக இருக்கலாம். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில், அன்ஸாரும் சப்ரினாவும் வந்தார்கள். வெருகல் வழியாக விடியக்காலை பஸ் ஏறியிருக்கிறார்கள். அன்ஸார் கட்டிலின் கால்மாட்டில் நஸ்ரியோடு நின்றுகொண்டார். சப்ரினா ஒரு பாத்திரத்தைத் திறந்து கரண்டியை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் கோவம்தான் சாச்சி" என்றாள். "எப்ப போகும் எண்டும் தெரியாது. கஞ்சி கொண்டந்திரிக்கன். வாயைத் திறங்க."

பஸ்மியா வாயைத் திறந்தாள்.

சலக் குழாயோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு கிழமையில் முடிவு வந்தது. எடுத்த முடிச்சுகள் இருபத்தியொன்றிலும் நோய் இல்லை. வெட்டிய விளிம்புகளிலும் இல்லை. கரண்ட் தேவையில்லை, ஆனால் வருடக்கணக்காகக் கிளினிக்குக்கு வந்து காட்ட வேண்டும் என்றார் டொக்டர் மதிவதனா. நஸ்ரி அந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சலப்பைதான் வழிக்கு வரவில்லை. குழாயைக் கழற்றிய பிறகும் முட்டுவது அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வருகிறதோ இல்லையோ, குளியலறையில் போய் இருக்க வேண்டும் என்று மிஸி சொல்லி அனுப்பினாள். சப்ரினா நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்குமாக வந்து போய்க்கொண்டிருந்தாள். கிண்ணியாவில் நிற்கும் நாட்களில் தன்னுடைய போனில் மணி வைத்து, நேரம் வந்ததும் சாச்சியைத் தாங்கிக் கூட்டிப்போய், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள்.

ஒருநாள் காலை அப்படி இருந்தபோது, சப்ரினா வெளியிலிருந்து கேட்டாள்.

"வந்திட்டா?"

"இல்ல மகள்."

"அவசரப்படாதீங்க. பைப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்க, தண்ணிச் சத்தம் கேட்டா வருமாம்."

பஸ்மியா பைப்பைத் திறந்தாள். தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. கதவுக்கடியில் வெளிச்சம் தெரியும் இடைவெளியில் சப்ரினாவின் கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், இன்னொருவர் நிற்பது போல் வெளிச்சம் மறைந்திருந்தது. பஸ்மியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சப்ரினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்தாவைப் போகச் சொல்லவும் மனம் வரவில்லை.

"வந்திட்டா சாச்சி?"

"பொறு" என்றாள் பஸ்மியா. "வருது போல இரிக்கு."